பாஸ் அண்ணன்

திரையில் ‘பாஸ்’ என்று பச்சை எழுத்து வந்ததும் அண்ணன் லேப்டாப்பை மூடிவிடுவார். லினக்ஸ் கர்னல் மெமரி டெஸ்ட் முடிந்தது. அவருக்கு. எங்களுக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். எங்களவர் அவனியாபுரத்தில் மாடி வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிடுவார். அவர் அணைக்க மறக்காத ஒரே பொருள் அந்த மைக்தான்.

அவருக்கு உயிர் ஹியூஜ் பேஜ். சாதாரணமாக கர்னல் மெமரியை 4 கேபி துண்டுகளாகத்தான் பங்கு போடும். பெரிய டேட்டாபேஸ்களுக்கு அது கட்டுப்படியாகாது என்று 2 எம்பி துண்டுகளும் உண்டு. எத்தனை வேண்டும் என்று ஒரு கோப்பில் எண்ணை எழுதினால் போதும், கர்னல் அத்தனையையும் எடுத்துத் தனியே வைத்துவிடும். பிறகு வேறு யாருக்கும் கொடுக்காது, ஸ்வாப்புக்கும் தள்ளாது. ஒரு புரோகிராம் செத்தால் அது வாங்கிய மெமரியை கர்னலே திரும்ப வாங்கிக்கொள்ளும். ஆனால் இந்த ஒதுக்கீடு எந்தப் புரோகிராமின் கணக்கிலும் வராது. மெஷினின் கணக்கு. யாராவது பழைய எண்ணைத் திரும்ப எழுதினால்தான் உண்டு. முறைப்படி அது எழுதினவர் வேலை.

எழுதினவர் எங்கே வருகிறார்?

64 ஜிபி மெமரி உள்ள பொது சர்வர் அது. சாயங்காலம் ஒரு பில்டைப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போவேன். திரும்பி வந்தால், மெமரி போதாமல் ஓஓஎம் கில்லர் வந்து கம்பைலரைக் கொன்றுபோட்டிருக்கும். 64 ஜிபியில் என்ன பஞ்சம் என்று எந்தப் புரோகிராம் சாப்பிடுகிறது எனத் தேடினால் ஒன்றுமே சிக்காது. எல்லாம் பரம சாதுவாக இருக்கும். கடைசியில் மெஷினின் மெமரிக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவைத் திறந்தால் அங்கே அண்ணன் உட்கார்ந்திருப்பார். போன் போடுவேன்.

“அண்ணே, 25,000 ஹியூஜ் பேஜ் அப்படியே நிக்குதுண்ணே. கிட்டத்தட்ட 49 ஜிபி.”

“யாரு யூஸ் பண்றா?”

“யாருமே இல்லண்ணே. மொத்தம் 25,000, காலி 25,000.”

“காலியாத்தான தம்பி இருக்கு. அப்புறம் என்ன?”

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத்தான் காலி, எங்களுக்குப் பூட்டு என்று விளக்கினால் பெருந்தன்மையோடு தீர்வும் சொல்வார்: “சரி சரி, ரீபூட் பண்ணி விட்ரு. எல்லாம் போயிரும்.”

போகும். சென்னையில் ஒருவர் அதே மெஷினில் இரண்டு நாளாக ஓட்டிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டும் சேர்ந்து போகும். அதையும் சொன்னேன். “அவரையும் மறுபடி போடச் சொல்லு தம்பி. டெஸ்ட்டுதான?”

ஹியூஜ் பேஜோடு விட்டால் பரவாயில்லை. ஷேர்டு மெமரி என்று ஒன்று, 1983-இல் வந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் காலத்துச் சங்கதி. உருவாக்கின புரோகிராம் செத்தாலும் அது சாகாது, எண்ணைச் சொல்லி அழிக்க வேண்டும். அண்ணனின் பெயரில் அவை ஒரு பட்டியலாகவே கிடக்கும். மெமரி தீர்ந்தால் மெஷினே பேனிக் ஆக வேண்டும் என்று ஒரு செட்டிங்கை 1 ஆக்கிப் பார்ப்பார், அதுவும் 1 ஆகவே நிற்கும். ஒருநாள் நள்ளிரவில் மெஷின் மொத்தமாகச் சாய்ந்தது அதனால்தான்.

இத்தனைக்கும் அவர் வேலை என்ன தெரியுமா? கர்னல் வாங்கிய மெமரியைத் திருப்பிக் கொடுக்கிறதா என்று சோதிப்பது.

அதில் அவர் கெட்டிக்காரர், மறுக்க மாட்டேன். கேமெம்லீக் என்ற கருவி 2009-இலிருந்து கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மெமரியைத் துழாவி, யாரும் சுட்டாமல் அநாதையாகக் கிடக்கும் துண்டுகளைக் காட்டிக்கொடுக்கும். அந்த ரிப்போர்ட்டை அண்ணன் ஜாதகம் மாதிரி படிப்பார். “இந்தா, இந்த எர்ரர் வழியில வெளிய வர்றான், ஃப்ரீ பண்ணாமப் போறான். பொறுப்பில்லாத பய!” என்று, எங்கோ கண்காணாத தேசத்தில் அந்த டிரைவரை எழுதினவரைத் திட்டுவார். சொன்ன இடத்தில் பிழை இருக்கும். அப்போது அவர் மேல் ஒரு பிரியமே வந்துவிடும். மெம்இன்ஃபோவை மறுபடி திறக்கும் வரை.

தை 1 அன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அடுத்த நாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். மூன்றில் முதலாவது தங்கள் ஊர்தான் என்பதில் அண்ணனுக்குத் தாங்க முடியாத பெருமை. ஒரு பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மறுநாள் காலையில் தடுப்புக் கட்டைகள் கொஞ்சம் தெருவோரம் கிடந்தன. வண்டியை எடுக்க முடியவில்லை. அண்ணன் நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டார். “கட்டத் தெரிஞ்சவனுக்கு அவுக்கத் தெரிய வேணாமா? அங்குட்டு ஓரமாவாவது தூக்கிப் போட மாட்டானா? அடுத்தவன் எப்படிப் போவான்?” நான் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்ட வீடு.

இவரைப் போன்றவர்களை நினைத்துத்தானோ என்னவோ, லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட்டில் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ‘செட்டப்’ என்று ஒரு இடமும் ‘கிளீனப்’ என்று ஒரு இடமும் வைத்திருக்கிறார்கள். செட்டப் பாதியில் கவிழ்ந்தாலும் கிளீனப் ஓடும், அதுவரை எடுத்ததை மட்டும் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். செட்டிங்கை மாற்றுவதானால் பெயரை ஒரு வரியில் அறிவித்தால் போதும், பழைய மதிப்பை அதுவே குறித்து வைத்து அதுவே திருப்பிப் போடும். ஹியூஜ் பேஜுக்கும் அப்படியே. 2020 ஜனவரியில் வந்த 5.5 கர்னலில் சேர்ந்த கேயூனிட் என்ற டெஸ்ட் கருவியில், டெஸ்ட்டின் பெயரில் வாங்கிய மெமரியை டெஸ்ட் முடிந்ததும் அதுவே விடுவித்துவிடும். இதற்கு மேல் என்ன செய்வது, ஊட்டியா விட முடியும்?

அண்ணன் எழுதும் செட்டப் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கிளீனப்பில் ‘பிறகு எழுத வேண்டும்’ என்று ஒரே வரி. இதை நிரப்பாமல் சேர்க்க முடியாது என்று ஒருமுறை கறாராகத் திருப்பி அனுப்பினோம். அரை மணி நேரத்தில் நிரப்பி அனுப்பினார். கிளீனப்புக்குள் ரீபூட் கட்டளை இருந்தது.

சிரித்தோம்தான். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனால் கர்னலில்தான் கோளாறு என்று நம்ப முடிந்தால்தான் டெஸ்ட்டால் பிரயோஜனம். போன மாதம் ஒரு புதுப் பெண், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மெமரி கிடைக்காமல் ஃபெயிலான டெஸ்ட்டுக்கு கர்னலில் காரணம் தேடி ராத்திரி முழுக்கக் கண் விழித்தாள். காரணம் கர்னலில் இல்லை, அண்ணன் விட்டுவிட்டுப் போனதில் இருந்தது. தான் எழுதியதுதான் தப்பு என்று அவள் மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அண்ணனுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் ரீபூட் பண்ணச் சொல்லியிருப்பார்.

கடைசியில் அவருக்கென்று தனி விர்ச்சுவல் மெஷின் கொடுத்தோம். உள்ளே என்ன கூத்து நடந்தாலும் மெஷினை அழித்தால் எல்லாம் அதோடு போய்விடும் என்பது திட்டம். அண்ணனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். டெஸ்ட்டுக்கு ஒன்றாக உருவாக்க ஆரம்பித்தார். இப்போது பொது சர்வரில் ‘டெஸ்ட்’, ‘டெஸ்ட்2’, ‘டெஸ்ட் ஃபைனல்’, ‘டெஸ்ட் ஃபைனல் புதுசு’ என்று வரிசையாக மெஷின்கள் ஓடுகின்றன, ஆளுக்கு 8 ஜிபி பிடித்துக்கொண்டு. நேற்று போன் போட்டு, எதையெல்லாம் அழிக்கலாம் என்று கேட்டேன்.

“எதையும் தொட்ராத தம்பி. அதுல ஒண்ணுல அருமையான லீக் ஒண்ணு மாட்டிருக்கு. எதுலன்னுதான் பாக்கணும்.”