மிசின் நறுக்கும் அம்மிணி, காயவெக்குமா?

ஏம்மிணி, சரவணம்பட்டியில உங்கூட்டுச் சமையல் மேடைக்குப் புது ஒறம்பரை வந்திருக்குதாமா? ஒரு சாண் ஒசரம், கண்ணாடி வவுறு, ரெண்டு கத்தி, ஒத்தப் பொத்தான். மாப்பிள்ளைங்க ஆன்லைன்ல தேடிப் புடிச்சு வாங்குனாருன்னு உங்கம்மா சொன்னா. நல்லது. 1955-ல சபாபதிங்கறவரு மாவாட்டற கிரைண்டரக் கண்டுபுடிச்ச ஊரு நம்ம கோயமுத்தூரு. அந்தக் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வெச்சிருக்குது. மோட்டாரும் பம்புசெட்டும் செஞ்சு நாடு பூராத் தாட்டி விடற ஊருல குடியிருந்துக்கிட்டு, நாலு பத்தை தேங்கா நறுக்க எங்கிருந்தோ பார்சல் வரணும்னா, அது மாப்பிள்ளைங்களோட பெருந்தன்மை. நான் ஒண்ணும் சொல்லல. 2011-ல கவர்மெண்டு குடுக்க ஆரம்பிச்ச மிக்சி ஒண்ணு உங்கம்மா ஊட்டு அட்டாலியில அட்டப்பொட்டியோட ஒக்காந்திருக்குது, அதையும் நான் சொல்லல.

தேங்காயக் காயவெச்சுப் பொடி பண்ணி டப்பாவுல போட்டு வெச்சுக்கிட்டா, வேலைக்குப் போயிட்டு வந்த அலுப்புல துருவிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல, பொரியலுக்கும் ஆச்சு, நோம்பி வந்தா ஒப்புட்டுக்கும் ஆச்சுன்னு நீ போட்ட கணக்கு செரியான கணக்குதான். ஆனா மிசினு வந்துருச்சு, இனித் தேங்கா காஞ்ச மாதிரிதான்னு பெருமூச்சு விட்டியாமா, அதக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. மிசினு நறுக்கும் அம்மிணி. பத்து நொடியில நறுக்கிப் போட்டு அது பாட்டுக்கு ஓய்வெடுக்கப் போயிரும். காயவெக்கற பொழப்பு பூரா உன்ற தலையிலதான்.

நம்பலைன்னா ஒரு நாளு காங்கயம் பக்கம் வண்டிய விடு. களங்களத்துக்குத் தேங்கா மூடி மல்லாந்து கெடக்கும். பொள்ளாச்சிக் காயும் அங்க வருது, கேரளத்துக் காயும் அங்க வருது. ஊரு நெறையத் தென்ன மரம் வெச்சிருக்கற கேரளத்துக்காரவிய லாரி வாடகை குடுத்து இங்க எதுக்குத் தாட்டி விடறாங்க? அவியளுக்கு மழை இருக்குது, நம்மளுக்கு வெய்யிலு இருக்குது. மலை மறைவுல கெடக்கற காங்கயத்துச் சீமைக்கு வானம் கஞ்சத்தனம் பண்ணுச்சு. அந்தக் கஞ்சத்தனத்தையே மொதலாப் போட்டு யாவாரம் பண்ணிப்போட்டாங்க நம்மாளுக. காய ரெண்டா ஒடச்சுத் தொட்டியோட ரெண்டு மூணு நாளு வெய்யில்ல போட்டா, பருப்பு சுருங்கித் தொட்டிய விட்டு எளகும். நோண்டி எடுத்து மறுக்காவும் காயப்போடோணும். எல்லாம் சேத்தி ஒரு வாரம் ஆவும்.

அப்பறந்தான் பெருந்துறைக்கோ அவல்பூந்துறைக்கோ ஏலத்துக்குப் போவும். அங்க கொப்பரைன்னு சொல்லமாட்டாங்க, தேங்காப் பருப்புன்னுதான் பேச்சு. யாவாரி ஒண்ண எடுத்து ஒடிச்சுப் பாப்பான். டக்குனு ஒடிஞ்சா ஒரு வெல, வளஞ்சு குடுத்தா ஒரு வெல. ஆதார வெலைக்கு வாங்கற நாஃபெட்காரவிய ஈரம் 6 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்கமாட்டாங்க. பச்சத் தேங்காப் பருப்புல பாதிக்குப் பாதி தண்ணி அம்மிணி. அந்தப் பாதிய வெளிய தொரத்தறதுதான் வேல. மத்ததெல்லாம் சும்மா சத்தம்.

செரி, காயிலிருந்து ஆரம்பி. முத்துன காயா இருக்கோணும், காதுகிட்ட வெச்சு ஆட்டுனாத் தண்ணி சலக்கு சலக்குனு கேக்கோணும். எளசுல தண்ணி சாஸ்தி, எண்ணெ கம்மி. காஞ்சா சுருண்டுபோயி மெல்லவும் முடியாது, பொடிக்கவும் முடியாது. மருதமலை போயிட்டு வந்த ஞாபகமா உங்க பிரிட்ஜுல ஒரு மூடி மேலெல்லாம் மினுமினுன்னு கொழகொழத்துக் கெடக்குதே, அதுகிட்டப் பக்தி காட்டாத. சாமிக்கு ஒடச்ச காயின்னு பூசணம் மரியாத பாத்து ஒதுங்கிப் போகாது. கண்ணு இருக்கற மூடிய மொதல்ல தீத்துப்போடோணும்னு உங்கமிச்சி சொல்றது எதுக்குன்னு இப்பவாச்சும் யோசி.

தொட்டியில இருந்து பருப்பக் கழட்டறது தனி வித்தை. மூடிய ராத்திரிக்கு ஃபிரீசர்ல வெச்சுக் காலையில எடுத்துச் சித்த நேரம் வெளிய வெய்யி. அப்பறம் கத்தி முனைய விட்டு மெதுவா நெம்புனா முழுசாக் கழண்டுக்கும். இதுக்குள்ள மாப்பிள்ளைங்க ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலுமா வந்து நிப்பாரு. "அந்தக் கை லேப்டாப் தட்டறதுக்கு வேணுமுங்க"ன்னு சொல்லிப் பதமாத் திருப்பி அனுப்பிச்சிரு.

பழுப்புத் தோல பீலர்ல சீவிப்போடு. அது ஒண்ணும் வெசமில்ல. பொடி வெள்ளையா வராது, லேசாக் கசப்பு தட்டும், அவ்வளவுதான். சீவுனத வீசிறாத, வாணலியில வறுத்து இட்லிப் பொடியில சேத்திரு. கையும் கத்தியும் சுத்தமா இருக்கோணும். "ஆமா, அப்பிச்சிக்குச் சுத்தம் ஒரு பைத்தியம்"னு மொணகாத. 1953-ல ஆஸ்திரேலியாவுல டைபாய்டு காச்ச பரவி, எங்கிருந்துடா வந்துச்சுன்னு தோண்டிப் பாத்தா, பாப்புவாவுல இருந்து போன தேங்காத் தூளு! தேங்கா என்ன பாவம் பண்ணுச்சு, தொட்ட கைதான் பண்ணுச்சு. இப்ப பேக்டரியில சீவுன பருப்பச் சுடுதண்ணியில போட்டெடுத்துத்தான் துருவறாங்க. நீயும் கொதிக்கற தண்ணியில சித்த நேரம் போட்டெடுத்து, துணியில ஒத்தி, தண்ணிப் பொட்டு இல்லாமத் தொடச்சிரு.

இப்பத்தான் உங்கூட்டு மிசினுக்கு முறை. பருப்பச் சுண்டுவெரல் நகத்தளவு பல்லுப்பல்லா நறுக்கிப் போடு. முழுக் கீத்தா அடச்சு வெச்சீன்னா கத்தி நின்னுக்கும், மோட்டாரு கருகற வாசம் வரும், அப்பறம் மாப்பிள்ளைங்க வாரண்டி அட்டையத் தேடறதுலயே ஞாயித்துக்கெழம போயிரும். பாத்திரத்துல பாதிக்கு மேல ரொப்பாத. பொத்தான அமுக்கு, விடு. அமுக்கு, விடு. நடுவால ஒருக்காத் தொறந்து ஓரத்துல அப்புனதக் கரண்டியில தள்ளி விடு. சினிமாப் பாத்துக்கிட்டு அமுக்குன கைய எடுக்காம இருந்தீன்னு வெய்யி, பச்சப் பருப்புல மூணுல ஒரு பங்கு எண்ணெ, கத்திச் சூட்டுல அது கக்கிப்போட்டு எல்லாம் கட்டி கட்டியாச் சேந்துக்கும். இன்னுங் கொஞ்சம் ஓட்டுனா விழுதாவே வந்துரும். அதுவும் ருசிதான், தோசையில தடவிக்கலாம். ஆனா நீ கேட்டது பொடி.

அரைச்சாச்சு. மிசினக் கழுவிக் கவுத்துப் போடு. வேல இப்பத்தான் ஆரம்பிக்குது.

ஓவன் இருந்தா அகலத் தட்டுல மெல்லுசாப் பரப்பி, எவ்வளவு கொறச்சலாச் சூடு வெக்க முடியுமோ அவ்வளவு கொறச்சலா வெச்சு, கதவச் சந்து விட்டு வெய்யி. உள்ள இருக்கற ஆவி போக வழி வேணுமல்ல? ஓவன் இல்லியா, அடி கனத்த வாணலிய எடு. எண்ணெ வேண்டாம், சிறு தீயி, கரண்டி நிக்கக்கூடாது. அஞ்சு நிமிசத்துல போன் வரும். எடுக்காத. நான் பண்ணுனாலும் எடுக்காத. ஒரு நிமிசம் அக்கட்டாலத் திரும்புனாப் போதும், அடியில செவந்துக்கும். அப்பறம் அது காஞ்ச தேங்கா இல்ல, வறுத்த தேங்கா. அவசரத்துக்குப் பெருந்தீ வெச்சீன்னா மேலாப்புல மொறுமொறுன்னு இருக்கும், உள்ளுக்குள்ள ஈரம் அப்படியே குத்தவெச்சு ஒக்காந்திருக்கும்.

மொட்ட மாடியில காயவெக்கறேன்னா பொடியாக் கொண்டு போகாத. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லியிருக்கறாங்க, உன்ற பொடி எந்த மூலைக்கு? பாலக்காட்டுக் கணவாயில இருந்து வர்ற காத்து ஒரு வீசு வீசுனா, பக்கத்து பிளாட்டுக்காரவிய கொடியில போட்ட துணி பூராத் தேங்காப்பூ. வெய்யில்ல வெக்கறதுன்னா மெல்லுசாக் கீத்துப் போட்டுக் காயவெச்சு, மேல வெள்ளத்துணி கட்டி, பொழுதோட ஊட்டுக்குள்ள எடுத்து வந்துரு. பனியில விட்டாப் பகல்ல போன ஈரம் ராவுல திரும்பி வந்துரும். நல்லாக் காஞ்சு ஒடியற பதம் வந்தப்பறம் மிசின்ல பொடிச்சுக்க. காக்காய்க்கும் அணிலுக்கும் ஒரு பங்கு ஒதுக்கித்தான் கணக்குப் போடோணும்.

கணக்குன்னதும் ஞாபகம் வருது. கால் கிலோ பருப்புப் போட்டாக் காஞ்சு வர்றது அதுல பாதிதான் நிக்கும். மிச்சம் எங்க போச்சுன்னு மாப்பிள்ளைங்களச் சந்தேகப்படாத. தண்ணியாப் போனது போகத்தான் அவரு வாயில போட்டிருப்பாரு.

பதம் எப்படித் தெரியும்னு கேப்ப. ஒரு கை அள்ளி இறுக்கிப் புடிச்சு விட்டுப் பாரு. உருண்டையா நின்னா இன்னும் ஈரம் இருக்குது. பொலபொலன்னு உதுந்துச்சுன்னாச் செரி. பேக்டரியில ஈரத்த 3 சதவீதத்துக்குக் கொண்டு வந்துதான் மூட்ட கட்டறாங்க. உனக்கு அந்த மீட்டரெல்லாம் வேண்டாம், கை போதும். நல்லா ஆறுனப்பறம் டப்பாவுல போடு. சூட்டோட மூடுனா ஆவி மூடியில வேர்த்துப் பொடி மேலயே சொட்டும். உள்ள போற கரண்டியும் காஞ்சதா இருக்கோணும். மாசக்கணக்குல வேணும்னாப் பிரிட்ஜுல வெய்யி.

அப்படியும் பச்சையாவோ மஞ்சளாவோ பூத்துருச்சுன்னா, மேலாப்புல வழிச்சு எறிஞ்சுபோட்டு "அடியில நல்லாத்தான இருக்குது"ன்னு சிக்கனம் பாக்காத. அஸ்பர்ஜில்லஸுன்னு ஒரு பூசணம், அது கக்கற அஃப்ளடாக்சின் ஈரலையே கெடுக்கும். வறுத்தாலும் முழுசாப் போகாது. டப்பாவோட குப்பைக்கு அனுப்பிச்சிரு. கொப்பரைக்குக் கந்தகப் புகை போடறதும் இந்தப் பூசணத்துக்குப் பயந்துதான். அதனால கடையில வெள்ளவெளேர்னு மின்னறதப் பாத்து, நம்முளுது இப்படி வரலையேன்னு ஏங்காத.

வெலைக்கு வாரேன். 2025-க்குக் கொப்பரை ஆதார வெல குவிண்டாலுக்கு, அரவைக் கொப்பரைக்கு 11,582 ரூவா, பந்துக் கொப்பரைக்கு 12,100 ரூவா. அந்த வருசம் சந்தையில கிலோ 200 ரூவாயத் தாண்டி ஓடிப்போச்சு, ஆதார வெலையத் திரும்பிப் பாக்க ஆளில்ல. 2016-ல பொள்ளாச்சிப் பக்கம் மொதமொதலாக் கண்ட சுருள் வெள்ள ஈ, வேர் வாடல் நோயி, எல்லாமாச் சேந்து காய்ப்பக் கொறச்சுப் போட்டுது. வெல உழுந்து கெடந்தப்ப "தோப்ப வித்துச் சைட்டுப் போடுங்க அப்பிச்சி"ன்னு புத்தி சொன்னவிய, வெல ஏறுனதும் "தோட்டத்துக் காயி ஒரு மூட்ட குடுத்து விடுங்க அப்பிச்சி"ன்னு பாசமாப் பேசறாங்க. யாருன்னு நான் சொல்லமாட்டேன். போனுல உங்கூட்டு நம்பர்தான் காட்டுச்சு.

இவ்வளவு பாடா, வேண்டாஞ் சாமின்னு தோணுதா? மிசினும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்னு ஒரு வழி இருக்குது. முத்துன காய மட்டையோட பரண்மேல போட்டுட்டு எட்டு மாசம், பத்து மாசம் அந்தப் பக்கமே போகாத. உள்ள தண்ணி பூராச் சுண்டி, பருப்பு தொட்டிய விட்டுக் கழண்டு, ஆட்டுனா லொட லொடன்னு பேசும். பந்துக் கொப்பரைங்கறது அதுதான். கர்நாடகத்துத் திப்டூர்ல அதுக்குன்னே பெரிய சந்தை நடக்குது. கரண்ட்டு பில்லும் இல்ல, கைவலியும் இல்ல. பேசாம இருக்கற கெட்டித்தனம் ஒண்ணு இருந்தாப் போதும்.

உங்க அபார்ட்மெண்ட்டுல பரண் இல்லியாமா? பேசாம இருக்கறதும் உனக்கு வராது. அப்ப வாணலியவே எடு. பொடி ஆனதும் ரெண்டு டப்பாவாப் போடு. ஒண்ணு உனக்கு. இன்னொண்ண ஞாயித்துக்கெழம மாப்பிள்ளைங்ககிட்டக் குடுத்து விடு. பதம் செரியா வந்திருக்குதான்னு பாத்துச் சொல்ல ஒரு பெரிய மனுசன் வேணுமல்ல? ஒரே கையளவுல பதம் தெரியாது, டப்பாவ நெறையவே ரொப்பி விடு. உங்கமிச்சி கேட்டாக் காலி டப்பாவத் திருப்பித் தரத்தான் வந்தாருன்னு சொல்லிக்கலாம்.