கடைமடையில் கோல்ஃப்: பள்ளித் தேர்வு குறித்த முதனிலை ஆய்வு

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் தம் கோல்ஃப் ஆட்டத்தைத் தேற்றிக்கொள்ள எந்தப் பள்ளியில் சேர வேண்டும்? தமிழ் ஆய்வுலகம் இக்கேள்வியை இதுகாறும் தொட்டதாகத் தெரியவில்லை. தஞ்சாவூரில் யாரும் கேட்காததே காரணம் என்பர் ஒருசாரார். யாரும் கேட்காத கேள்விக்குப் பட்டம் வழங்குவது நம் பல்கலைக்கழக மரபாதலின், அது தடையன்று என்க.

கோல்ஃப் கற்க விரும்புபவர் கொடைக்கானலுக்கு ஏறலாம். அங்கே 1895 முதல் கிளப் உண்டு. ஊட்டிக்கு ஏறலாம். கோவை செட்டிபாளையத்துக்கோ சென்னை நந்தனத்துக்கோ போகலாம். காவிரிப் படுகைக்குள் அந்த வசதி இருப்பதாகத் தெரியவில்லை. நெல் விளையும் நிலத்தில் வேண்டுமென்றே புல் வளர்க்கப்போகிறேன் என்று இங்கே சொன்னால் களையெடுக்க ஆள் கூப்பிட்டுவிடுவார்கள்.

அற்றேல் டெல்டாவுக்கும் கோல்ஃபுக்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. கோல்ஃப் குழியின் விட்டம் 4.25 அங்குலம், பந்து 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மைதானத்துக்குப் பதினெட்டுக் குழி போதும். நம் வரப்பில் அதைவிட அதிகமான குழிகளை எலியும் நண்டும் கூலி வாங்காமல் தோண்டி வைத்திருக்கின்றன. விதி 16-இன்படி, விலங்கு தோண்டிய வளை பந்துக்கு இடைஞ்சலானால் தண்டமின்றிப் பந்தை நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம். விலங்கு என்பதன் வரையறைக்குள் நண்டின் இனத்தையும் விதிநூலார் மறவாமல் சேர்த்திருக்கிறார்கள். எலிக்கு வைத்த தஞ்சாவூர்க் கிட்டி குறுக்கே கிடந்தால் அது ‘நகர்த்தக்கூடிய தடை’; தண்டமில்லாமல் எடுத்து ஓரமாக வைக்கலாம். வயல்காரர் என்ன சொல்வார் என்பது பற்றி விதிநூல் மௌனம் சாதிக்கிறது. சித்திரை வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அந்த வெடிப்பில் விழுந்த பந்துக்குச் சலுகை கிடையாது. அதை எந்த விலங்கும் தோண்டவில்லை.

தண்ணீர் விஷயம் இன்னும் நுட்பமானது. மழையாலோ பாசனத்தாலோ தற்காலிகமாகத் தேங்கிய நீரிலிருந்து பந்தை இலவசமாக எடுக்கலாம். பாசனம் என்ற சொல்லே விதியில் இருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வயலில் நிற்கும் நீர், நாற்றங்கால் முதல் அறுப்பு வரை தற்காலிகமா என்பது தனி ஆய்வேட்டுக்குரிய பொருள். வாய்க்காலுக்கு அந்த ஐயமே இல்லை. அது பெனால்டி ஏரியா. பந்தை வெளியே எடுத்துப் போட்டால் ஓர் அடி தண்டம். நீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அப்படித்தான். கடைமடையில் வறண்டு கிடக்கும் வாய்க்காலையும் நீர்நிலையாகவே மதிக்கும் நிர்வாகம் கோல்ஃப் விதி வகுக்கும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில்தான் இருக்கிறது.

ஆகவே சேரப்போகும் பள்ளியில் விதிகளும் கற்பிக்கிறார்களா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பல இடங்களில் ஓங்கி அடிக்க மட்டுமே சொல்லிக்கொடுப்பார்கள். அதில் ஒரு கணக்கும் இடிக்கிறது: ‘பார்’, அதாவது ஒரு சுற்றுக்கு வகுத்த அடிக்கணக்கு, 72 ஆக உள்ள மைதானத்தில் குழிக்கு இரண்டாக 36 அடிகள் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டிங்குக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பாதி ஆட்டம் குழிக்கருகே நடக்கும்போது, பயிற்சி நேரம் முழுவதையும் தூர அடியில் செலவழிக்கும் ஆசிரியரிடம் கட்டணத்திலும் பாதி கழித்துக்கொள்ளச் சொல்வது நியாயம்.

இனி இவ்வாய்வின் மையக் கருத்து. மண்வெட்டி பிடித்துப் பழகிய கை மண்ணைத்தான் முதலில் வெட்டும். அயர்ன் மட்டையின் இலக்கணமோ நேர்மாறு: தரையில் கிடக்கும் பந்தை முதலில் தொட்டுவிட்டு அதன் பிறகே மண்ணைத் தொட வேண்டும். பந்துக்குப் பின்னால் இரண்டு அங்குலத்தில் மண் பெயர்ந்தால் அடி வீண். நிஜப் புல்தரையில் இந்தக் குற்றம் உடனே தெரியும். பெயர்ந்த மண்ணே சாட்சி. செயற்கைப் புல் விரிப்பில் தெரியாது. மட்டை விரிப்பில் வழுக்கி முன்னேறிப் பந்தை அடித்துவிடும், பந்தும் ஓரளவு ஒழுங்காகப் போகும், மாணவர் தேறிவிட்டதாக நம்பி அடுத்த மாதக் கட்டணத்தையும் கட்டுவார். பள்ளிக்கு விரிப்பு லாபம், பராமரிப்பும் குறைவு. வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டுவது நல்லதுதான். ஆனால் மண்ணைக் குனிந்து பார்க்கும் ஆசிரியர் அதைவிட நல்லவர் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

பருவம் பற்றியும் ஒரு சொல். குறுவை, சம்பா, அது முடிந்தால் உளுந்து என்று ஓடும் ஊரில் பயிற்சிக்குக் கிடைப்பது கோடை மட்டுமே. கொடைக்கானலில் அறை வாடகை ஏறியிருப்பதும் அப்போதுதான்.

எனவே, வாசகரே, பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பயிற்சி புல்தரையிலா, விரிப்பிலா? விரிப்பில்தான் என்றால் பேசாமல் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். நடவுக்கு ஆள் கிடைக்காமல் இங்கே தவிக்கிறார்கள்.