குதியுயர் காலணி: ஒரு முழுமையான ஆய்வின் தொடக்கம்

ஆதிமனிதர் வெறுங்காலோடு நடந்தனர் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே அதை விட்டுவிடலாம். கருத்து வேறுபாடு இல்லாத இடத்தில் யாருக்கும் பதவி உயர்வு கிடைத்ததில்லை.

ஹை ஹீல்ஸ் பல வகைப்படும். அவற்றுள் பாதம் முழுவதையும் தாங்கும் வெட்ஜஸ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விழாதவர்களை யார் ஆராய்வார்?

குதியுயர் காலணியை முதலில் மாட்டிக்கொண்டவர்களில் பாரசீகக் குதிரைவீரர் உண்டு. அங்கவடியிலிருந்து கால் நழுவாதிருக்க அது உதவிற்று. பிரான்சின் 14-ஆம் லூயி, 1701-இல் ரிகோ தீட்டிய ஓவியத்தில் சிவப்புக் குதியோடு காலை முன்வைத்து நிற்கிறார். அது ராஜகம்பீரம் எனப்பட்டது. பெண்கள் போட்டுக்கொண்ட பிறகே இப்பொருளுக்குச் ‘சமூக விளைவுகள்’ உண்டாகி, அது ஆய்வுத் தகுதி பெற்றது.

இனி மையச் சிக்கல். என்.சி.ஈ.ஆர்.டி.யின் 11-ஆம் வகுப்பு இயற்பியல் நூலில் 50 கிலோ எடையுள்ள பெண்ணொருத்தி ஒற்றைக் குதியில் நிற்கிறாள். குதியின் விட்டம் 1 செ.மீ. தரைமேல் அழுத்தம் என்ன? சுமார் 62 லட்சம் பாஸ்கல். அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 60 மடங்குக்கும் மேல். பழஞ்சின்னங்களின் பளிங்கு பாழாகிறதென்று கிரேக்க நாடு 2009-இல் அங்கே ஹீல்ஸுக்குத் தடை போட்டதும் இக்கணக்கை அரண்செய்யும். ஆனால் அவள் ஏன் ஒற்றைக் குதியில் நிற்கிறாள்? மாணவர் தலைமுறைகள் வகுத்துப் பெருக்கி மதிப்பெண் வாங்கிப் போய்விட்டன. “உட்காரும்மா” என்று ஒருவரும் சொல்லவில்லை. மற்றக் குதி ஒடிந்துவிட்டது என்பர் ஒரு சாரார். ஒடியவில்லை, கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள், கேள்வி கேட்டவரைத் தேடுகிறாள் என்பர் மறுசாரார். இரண்டாங்கொள்கைக்கு ஆதாரம், அச்சேறாத மாநாட்டு மலர் ஒன்றின் கிழிந்துபோன பக்கத்தில், அடிக்குறிப்பின் அடிக்குறிப்பாக உள்ளது. அதில் ‘மேலது’ என்று மட்டும் இருக்கிறது. மேலே ஏதுமில்லை. இந்த வெற்றிடத்தை வைத்து முனைவர் பட்டம் வாங்கலாம், வாங்கியிருக்கவும் கூடும்.

உடல் விளைவு: குதி உயர உயரப் பாரம் முன்பாதத்துக்கு நகர்கிறது, ஆண்டுக்கணக்கில் அணிந்தால் கெண்டைக்கால் தசை குறுகுகிறது. இது உண்மையாதலால் சுருக்கமாக முடிக்கப்படுகிறது.

அலுவலகங்களில் குதியுயர் காலணி ஓர் ஒழுங்குமுறை. 2015-இல், தட்டையான காலணியோடு வரவேற்பாளர் வேலைக்கு வந்தார் என்று லண்டனில் நிக்கோலா தார்ப் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இதை எதிர்த்து அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்டனர். 14-ஆம் லூயியை இப்படி யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அவர் விதிப்படி வந்திருந்தார்.

களஆய்வு கல்யாண மண்டபத்து ரிசப்ஷன் மேடையில் நிகழ்த்தப்பட்டது. பலகைகள், மேலே சிவப்புக் கம்பளம், நடுவே கண்ணுக்குத் தெரியாத இடுக்கு. மாப்பிள்ளை ஆறடி; ஆகவே பெண்ணுக்கு நாலங்குலம் ஏற்றம், பட்டுப்புடவைக் கரைக்குள் மறைவாக. “சிஸ்டர், ஒரு ஸ்டெப் ரைட்ல” என்றார் போட்டோகிராபர். குதி இடுக்கில் இறங்கியது. பெண் சட்டென்று மாப்பிள்ளையின் கோட்டைப் பற்றிக்கொண்டாள். முன்வரிசை கைதட்டியது. ஆல்பத்தின் அட்டையில் இப்போது அந்தப் படம்தான்.