தயிர்சாதத்தின் புளிப்பும் காலக்கணிப்பும்: ஒரு மருத்துவமனை உணவியல் ஆய்வு

அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனையின் டியூட்டி ரூமில், கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். பணியிடத்தில் ஆரோக்கியமாகச் சாப்பிடுவது எப்படி என்று பத்துக் கட்டளைகள். நேரத்துக்குச் சாப்பிடவும், உட்கார்ந்து சாப்பிடவும், நிதானமாக மென்று சாப்பிடவும், இத்யாதி. எழுதியவர் பெரிய அறிஞராம். எழுதும்போது அவர் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் நிச்சயம். அவருக்கு மறுமொழியாக, அவருக்குப் பிடித்த நடையிலேயே இந்த ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறேன்.

இயல் ஒன்று: முன்னோர் மொழிந்தவை

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். அதன் பத்துக் குறள்களில் ஆறு, சாப்பாட்டைப் பற்றியவை. முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து உண்ணச் சொல்கிறார் வள்ளுவர். முன்பு உண்டது எப்போது என்பதே நினைவில்லாத ஸ்டாஃப் நர்ஸ் என்ன செய்வது என்பதற்குப் பரிமேலழகரும் உரை சொல்லவில்லை.

தொல்காப்பியர் விவரமானவர். கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்துக்கு அடுத்து உணவை வைத்தார். சற்றுத் தள்ளிப் பறையையும் வைத்தார். உணவுக்கும் பறைக்கும் உள்ள உறவு இதுகாறும் ஆராயப்படவில்லை. எங்கள் ஆய்வுக்களத்தில் டப்பாவைத் திறந்தால் பறை ஒலிக்கும். பறையாவது ஏழாம் நம்பர் பெட்டின் காலிங் பெல் (வாய்மொழி: அக்கா).

1918இல் குன்னூரில் ஒற்றை அறையில் தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபோன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், தட்டில் பாதி காய்கறி, பழம், கீரையாக இருக்கட்டும் என்கிறது. நல்ல வார்த்தை. ஆனால் இங்கே தட்டு கிடையாது. டப்பா மூடிதான் தட்டு. மூடியில் பாதி என்றால் ஒரு கத்திரிக்காய்த் துண்டும் அதன் நிழலும்.

இயல் இரண்டு: வகைப்பாடு

காலை உணவு: உண்டு என்பாரும் உளர்.

டீ: ஆறிய டீ, நன்றாக ஆறிய டீ என இருவகைப்படும்.

பழம்: சுவரொட்டியில் உள்ளது.

தண்ணீர்: குடித்தால் பாத்ரூம் போக வேண்டும்; போனால் வார்டைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். ஆகவே குடிப்பதில்லை.

இனிப்பு: பிரசவ வார்டுக்குரியது. ஒவ்வொரு வீட்டுச் சந்தோஷமும் ஒரு பெட்டியாக வந்து சேரும். சுகர் உள்ள ஹெட் சிஸ்டர் எதிலும் பாதிதான் எடுப்பார். நான்கு பாதி சேர்ந்தால் எத்தனை என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை (வாய்மொழி: அக்கா, செருப்பைக் கழற்றியபடி).

இரவு உணவு: விடியற்காலை மூன்று மணி பிஸ்கட்டை எந்த வேளையில் சேர்ப்பது என்பது தீராத வழக்கு. உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லேயே வகைப்படுத்திவிட்டது. சுவரொட்டி இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பிஸ்கட்டில் மைதா இருப்பதைக் கண்டிக்கிறது.

இயல் மூன்று: தயிர்சாதம்

இனி தலையாய பொருளுக்கு வருவோம்.

அக்காவுக்குக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை டியூட்டி. அம்மா ஆறரை மணிக்குச் சாதத்தைக் குழைய மசித்து, பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிரைக் கலந்து டப்பாவில் அடைப்பாள். அப்போது அது பால்சாதம். போகப் போகத்தான் தயிர்சாதமாகும். தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் லாக்டோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் ஏறி பிஎச் 4.6ஐ நெருங்க, கேசின் என்ற புரதம் திரள்கிறது. நுண்ணுயிர்களுக்கு டியூட்டி ரோஸ்டர் கிடையாது. காஷுவால்டியில் ஆள் குறைவு என்று சொல்லி அவற்றை நிறுத்திவைக்க முடியாது. தடுப்பூசி ஃப்ரிட்ஜில் வைக்கலாமே எனின், கூடாது. 2 முதல் 8 டிகிரிக்குள் காக்கப்படும் அந்தப் பெட்டியில் சாப்பாட்டுக்கு இடமில்லை.

ஆகவே தயிர்சாதம் ஒரு கடிகாரம். தொல்லியலாளர்களின் கார்பன் 14 பாதியாகக் குறைய ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் ஆகும். தயிர்சாதத்துக்கு ஒரு டியூட்டி போதும்.

இதைக் கண்டுபிடித்தவள் அம்மா. எனினும் ஆய்வுலக மரபுப்படி என் பெயரே முதலில் வரும். கட்டுரை வெளியாகும் சமயத்தில் இடம் போதாவிட்டால் அம்மாவின் பெயர் விடுபடும்.

கண்டுபிடிப்பு இதுதான். “எத்தனை மணிக்குடி சாப்பிட்ட?” என்று கேட்டால் அக்கா “ஒரு மணிக்கெல்லாம் சாப்பிட்டேன்ம்மா” என்பாள். இது நம்பத்தக்க சான்றன்று. டப்பா காலியாக வருவதும் சான்றாகாது, நோயாளிக்குத் துணையிருக்கும் கிழவி யாராவது காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றால் டப்பா கைமாறிவிடும் (வாய்மொழி: மூன்றாம் மாடி ஆயாம்மா, லிஃப்ட் வராத நேரத்தில், பாடபேதம்: லிஃப்ட் வந்தும் ஏறாத நேரத்தில்). எனவே அம்மா நேரத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, “சாதம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்க ஆரம்பித்தாள். நேரத்தை மறைக்கத் தெரிந்தவளுக்கு ருசியை மறைக்கத் தெரியவில்லை.

“நல்லா இருந்துச்சும்மா”: ஒன்றரைக்குள்.

“ஊறுகாயே தேவைப்படலம்மா”: மூன்று மணி.

“நாளைக்குப் பால் இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊத்து”: நாலரை.

“டீ குடிச்சதுல பசியே இல்லம்மா”: டப்பா திறக்கப்படவில்லை.

இந்த அளவுகோலுக்குத் திருத்தங்கள் உண்டு. கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும். ஐசியுவில் ஏசி இருப்பதால் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். ஐசியு டியூட்டி கத்திரியில் வந்தால் இரண்டும் அடிபட்டுப் போகும் என்பது ஒரு சாரார் கருத்து. அவ்வாறன்று, டப்பா இருப்பது ஏசியில் அல்ல, வெளியே செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் தொங்கும் பையில் என்பது மறுசாரார் துணிபு (காண்க: டப்பாவின் அடிப்பக்கம், அழியாத சாம்பார்க் கறை, கீழிருந்து இரண்டாம் வளையம், ஒப்புநோக்குக: அதே கறை, பையின் உட்புறம், மறுப்புரைக்குக் காண்க: அம்மா துவைத்த பிறகு அதே பை).

இதையெல்லாம் ஒரு கருத்தரங்கில் எனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். மாதிரி அளவு போதாது, ஒரே ஒரு அக்காவை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரக் கூடாது என்றார். விளக்கமாகப் பேச உட்காரச் சொன்னார். அப்போது மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. மேடையில் ஒருவர் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தார். அறிஞர் பெருமக்களோ கையில் தட்டுடன் வரிசையில் நின்றுவிட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்ற கட்டளையை இவ்வளவு பக்தியோடு கடைப்பிடிக்கும் துறை வேறில்லை.

இயல் நான்கு: கள ஆய்வு

நேற்று இரவு எட்டே முக்காலுக்கு அக்கா வந்தாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து நானே பார்த்தேன். காலி. தேய்த்துக் கழுவித் துடைத்திருந்தது. அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள்:

“தயிர்சாதம் எப்படிடி இருந்துச்சு?”

“சூப்பர்மா. ஒரு மணிக்கெல்லாம் சாப்பிட்டுட்டேன். சரியான பக்குவம்.”

நேற்று அம்மா கட்டிக் கொடுத்தது எலுமிச்சை சாதம்.