முன்னாசனத்து மூடுபனி

தெஹியோவிட்டவில் பிறந்து வளர்ந்தவனுக்கு உறைபனி என்பது, நுவரெலியாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் சொல்லும் செய்திகளுள் ஒன்று. பாதியை நம்பி, மீதியை மரியாதைக்காகக் கேட்டுக்கொள்ள வேண்டியது. இங்கே குளிர்காலம் என்று தனியாக ஒன்றில்லை. மழை பெய்யும் காலம், மழை பெய்யப்போகும் காலம் என்ற இரண்டே பருவங்களில் றப்பர் மரங்களும் நாங்களும் ஏறக்குறைய ஒரேயளவு பாசி பிடித்து வாழ்ந்து வருகிறோம். இத்தகைய பூமிக்கு, குளிர்நாடாகிய கனடாவிலே உற்பத்தியாகி, இரண்டாம் உலக மகாயுத்தத்திலே ஊழியம் புரிந்து, யுத்தம் முடிந்தபின் இராணுவத்தாரால் வேண்டாமென்று கழிக்கப்பட்ட ஒரு லொறி வந்து சேர்ந்ததற்கு, விதியைக் காட்டிலும் தோட்ட நிர்வாகத்தின் சிக்கனமே காரணமென்று நான் நினைக்கிறேன்.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்த காலத்தில் இந்தத் தீவு இராணுவ வாகனங்களால் நிறைந்திருந்தது. கனடாவின் வின்சர், ஒஷாவா முதலிய நகரங்களில் மட்டும் அந்த யுத்தத்துக்காக 8 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் செய்யப்பட்டனவாம். அவற்றுள் எங்கள் பங்குக்கு வந்தது, பிரித்தானியப் படையினர் கேட்ட மாதிரியில் மூக்கைச் சப்பையாக்கிக் கட்டிய ரகம். மூக்கு குட்டை; ஆனால் எஞ்சினோ அமெரிக்கக் கண்டத்துக்குரிய பெரிய எஞ்சின்; ஆகவே அது வெளியே இடமில்லாமல் பாதி உடம்பை உள்ளே நீட்டிக்கொண்டு, டிரைவருக்கும் பக்கத்து ஆசனத்துக்கும் நடுவே சம்பந்தியைப்போல் அமர்ந்திருந்தது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னால் தள்ளியும் கீழ்விளிம்பு உள்ளே வாங்கியும் சரிந்திருக்கும். வெயில் பட்டு மினுங்கி ஆகாயத்திலுள்ள எதிரியின் கண்ணில் படாதிருக்கும் பொருட்டுச் செய்த யுக்தி அது. 1942 ஏப்ரலில் கொழும்பின்மீது குண்டு போட்டுப் போன ஜப்பானியருக்குப் பிறகு எங்கள் ஆகாயத்தில் வௌவால்களைத் தவிர வேறு எதிரியை நாங்கள் கண்டதில்லை. மேலேயிருந்து பார்ப்பவனுக்கு லொறி தெரியக்கூடாதென்று இவ்வளவு விசாரப்பட்ட மகான்கள், உள்ளேயிருந்து பார்ப்பவனுக்கு றோட்டுத் தெரிய வேண்டுமே என்று அதில் பத்திலொரு பங்காவது விசாரப்பட்டிருக்கலாம்.

1957 ஜனவரியில் எங்கள் தோட்டத்துக்கு மாற்றலாகி வரவிருந்த சின்னத் துரையின் தட்டுமுட்டுச் சாமான்களை நுவரெலியாவிலிருந்து ஏற்றிவர லொறி புறப்பட்டது. சாமான்களைக் கணக்கெழுதிப் பொறுப்பேற்கச் சின்னக் கிளாக்கராகிய நான். பீங்கான் கோப்பைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கப் பங்களா அப்பு. ஹட்டனிலிருந்த மைத்துனர் வீட்டு விசேஷத்துக்குப் போக, வண்டிச் சத்தமில்லாத மார்க்கம் தேடியிருந்த டிஸ்பென்சர் ஐயா. பின்னால் படங்கின் கீழே தாராளமாக இடமிருந்தது. ஆயினும் தோட்டத்து உலகில் லொறியின் முன்னாசனம் என்பது ஆசனமன்று, அந்தஸ்து. டிஸ்பென்சர் ஐயா பின்னால் ஏறினாரென்ற செய்தி பிரட்டுக் களத்தில் பரவினால், மறுநாள் அவர் கொடுக்கும் கலவை மருந்துக்குக் குணமிருக்குமா? துரைக்குச் சமைக்கும் கையால் அப்பு பின்பலகையைப் பிடித்துத் தொங்க முடியுமா? ஆகவே ஐயா ஆசனத்திலும், அப்பு ஆசனத்தின் விளிம்பிலும், நான் எஞ்சின் மூடியின்மேல் மடித்துப்போட்ட சாக்கிலுமாக அமர்ந்தோம். கிளினர் பையன் ஒருவன்தான் பின்னால் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தான்.

கரவனெல்லைக்கு வருமுன்னரே தை மாதத்தில் பெய்ய உரிமையில்லாத ஒரு மழை பிடித்துக்கொண்டது. கதவுக் கண்ணாடிகளை ஏற்றினோம். அடுத்த சில நிமிஷங்களில் முன்கண்ணாடி முழுவதும் வெள்ளையடித்த சுவராயிற்று. டிஸ்பென்சர் ஐயா அதற்குக் காரணமும் சொன்னார். மனித தேகம் சுவாசத்தாலும் தோலாலும் மணிக்கு ஓர் அவுன்ஸ் அளவு ஜலத்தை ஆவியாக வெளியேற்றுகிறதாம். அந்த ஆவி மழையில் குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் நுண்ணிய துளிகளாகப் படிந்து ஒளியைச் சிதறடிக்கிறதாம். அதை அவர் விஸ்தாரமாக விளக்க விளக்கக் கண்ணாடி இன்னும் அடர்த்தியாக வெளுத்தது. மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நான்கு தேகம், நான்கு அவுன்ஸ். ஹட்டன் போய்ச் சேருமுன் ஒரு போத்தலை நிரப்பிவிடலாம்.

வைப்பர் என்று ஒன்று இருந்ததை மறுப்பதற்கில்லை. அது எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தால் இயங்குவது. ஏற்றத்தில் டிரைவர் அக்ஸிலேற்றரை அழுத்தினால் உறிஞ்சல் குறைந்து அது அப்படியே நின்றுவிடும். இறக்கத்தில் காலை எடுத்தாலோ வெறி வந்ததுபோல் ஆடும். நாங்கள் போகவேண்டியது எழுபது மைலுக்குக் கிட்டிய தூரம். சில நூறு அடி உயரத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் ஏற வேண்டும். அதுவுமன்றி அந்த வைப்பர் துடைப்பது வெளிப்புறத்தை. எங்கள் வியாதியோ உட்புறத்தில்.

ஆளுக்கொரு பரிகாரம் பிறந்தது. டிஸ்பென்சர் ஐயா தம் பையிலிருந்து கிளிசரின் எடுத்தார். அப்பு உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டித் தேய்க்க வேண்டுமென்றார். டிரைவர் அண்ணன் வெற்றிலைப் பையிலிருந்து புகையிலையை நனைத்துப் பூசினார். நான் சவர்க்காரத்தை மெல்லியதாகத் தடவிப் பழைய வீரகேசரித் தாளால் துடைக்கும் முறையை ஆதரித்தேன். துளித்துளியாய் நிற்கும் நீர் சவர்க்காரம் பட்டால் ஒரே ஏடாகப் பரவிவிடும், ஏடாகப் பரவினால் பார்வையை மறைக்காது என்பது சாஸ்திர சம்மதமான விஷயம். தனித்தனியே எல்லாம் நல்ல முறைகளே. நான்கையும் ஒரே கண்ணாடியில் பிரயோகித்ததால் உண்டான வஸ்துவுக்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை. அதன் ஊடாக எதிரே வந்த பஸ் ஒன்று மூன்றாகத் தெரிந்தது.

"ஐயா, கண்ணாடியையே வெளிய தள்ளித் தெறந்துட்டா ஒரு தொந்தரவுமில்லீங்க" என்றார் டிரைவர். அந்தக் கண்ணாடியைக் கீழ்ப்பக்கம் தள்ளி உயர்த்தி வைக்க முடியும்; உள்ளே காற்று ஓடும்; வெளியே எவ்வளவு ஈரமோ அவ்வளவுதான் உள்ளேயும்; புகார் படியவே படியாது. முகத்தில் மழையடிக்கும் என்பதொன்றே குறை. "விசேஷ வீட்டுக்குப் போற மனுசன்யா நான்" என்று ஐயா கஞ்சி போட்ட கோட்டைத் தொட்டுக் காட்டியதோடு அந்த யோசனை முடிந்தது.

கித்துள்கலையில் ஒரே ஜனக்கூட்டம். டேவிட் லீன் என்னும் ஆங்கிலேயர் குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய சினிமாவுக்காகக் களனி கங்கையின் குறுக்கே மரப்பாலம் கட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. மார்ச் மாதத்தில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பொய் யுத்தம் பார்க்க அத்தனை பேர் மழையில் நின்றுகொண்டிருக்க, மெய்யான யுத்தத்திலே சேவை செய்த எங்கள் லொறி ஹோர்னை அடித்துக் கெஞ்சி வழிகேட்டுக் கடந்து போயிற்று. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்களும் பாலத்தைப் பார்க்கவில்லை; கண்ணாடி அப்படி.

கினிகத்தேனைக்கு அப்பால் உஷ்ணத்தின் ஸ்வபாவம் மாறிற்று. தெஹியோவிட்டவில் என்னைப் பொரித்தெடுத்த எஞ்சின் மூடி இப்போது கருணையின் வடிவமாயிற்று. அப்பு நனைந்த தம் கம்பளியை அதன்மேல் உலரப் போட்டார். கம்பளி உலர்ந்தது, அதிலிருந்த தண்ணீரெல்லாம் கண்ணாடிக்குக் குடிபெயர்ந்தது. மூடியைச் சற்றுத் தூக்கி வைத்தால் அனல் நேரே கண்ணாடியில் அடிக்குமே என்றேன். அதற்கு மட்டும் டிஸ்பென்சர் ஐயா கண்டிப்பாகத் தடை சொன்னார்: சூட்டோடு எஞ்சின் புகையும் வரும், அதிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை, முதலில் தலைவலி, பிறகு தூக்கம், பிறகு எழுப்பினாலும் எழாத தூக்கம். நியாயமான பேச்சு. ஹட்டனில் அவர் இறங்கிப்போன சிறிது நேரத்தில் கண்ணாடி தானாகவே பாதி தெளிந்தது. அதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

நுவரெலியாவில் மழையில்லை, மேகமில்லை, காற்றுமில்லை. அத்தகைய இரவில்தான் பூமி தன் சூட்டையெல்லாம் திறந்த வானத்துக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும், கொழுந்து கருகும். அதிகாலையில் போய்ப் பார்த்தால் லொறிக் கண்ணாடிமேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி. உறவினர்களை நான் பாதிதான் நம்பியிருந்தேன். மறு பாதியும் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பு கேத்தல் நிறையக் கொதிநீரோடு ஓடிவந்தார்.

"ஊத்தாதீங்க அப்பு! கண்ணாடி வெடிச்சிரும்!" என்று டிரைவர் அண்ணன் கையை விரித்துக் குறுக்கே நின்றார். உண்மைதான். சூடு பட்ட இடம் மட்டும் சட்டென்று விரிய, படாத இடம் விரிய மறுத்தால், இரண்டுக்கும் நடுவே கண்ணாடி பிளந்துவிடும். முந்தின இரவே ஒரு சாக்கை விரித்துப் போட்டிருந்தால் வானத்துக்கும் கண்ணாடிக்கும் மறைவுண்டாகி இந்தச் சிரமமே இருந்திராது. அந்தச் சாக்கு லொறிக்குள்ளேயே, நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. உப்புநீர் தேய்க்கலாம், இரும்பு துருப்பிடிக்கும். எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கலாம். பெற்றோலுக்குக் கணக்கெழுதுகிறவன் நான். கடைசியில் டிரைவர் அண்ணன் நெடிய மௌனத்துக்குப் பின் ஆசனத்தின் அடியிலிருந்து கால்போத்தல் சாராயத்தை எடுத்தார். பனி உறையும் குளிரில் சாராயம் உறையாது. பட்ட பனியையும் கரைத்துவிடும். துணியில் நனைத்து, சந்தனம் பூசும் பக்தியோடு, தம் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு முகம் அளவு வட்டத்துக்கு மட்டும் தேய்த்தார். எங்கள் பக்கத்துக்கும் கொஞ்சம் என்று கேட்டேன். "நீங்களா தம்பி ஓட்டப் போறீங்க?" என்றார்.

திரும்பும்போது முன்னாசனப் பிரச்சினை எழவேயில்லை. சின்னத் துரை தம் காரில் முன்னே போய்விட்டார். அவருடைய நாய்க்குக் காரில் வாந்தி வருமென்பதால், அதை லொறியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டுவரும்படி உத்தரவு. கன்றுக்குட்டி அளவு நாய். அப்புவும் நானும் அலமாரிகளுக்கும் பீங்கான் பெட்டிகளுக்கும் நடுவே, படங்கின் கீழே, கிளினர் பையனிடம் இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்தோம். நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும் அந்தப் பிராணி வெளிவிட்ட ஆவியை அவுன்ஸ் கணக்கில் சொல்ல டிஸ்பென்சர் ஐயாவும் கூட இல்லை. கினிகத்தேனையில் மறுபடி மழை பிடித்ததும் டிரைவர் அண்ணன் யாரையும் கேளாமல் முன்கண்ணாடியைத் தள்ளி முழுவதும் திறந்துவிட்டார். தெஹியோவிட்ட வரையில் நாய் தலையை வெளியே நீட்டி, மழையை நக்கிக்கொண்டு, பரம சந்தோஷமாக வந்ததாம். இத்தனை வருஷத்தில் முன்னாசனத்தில் ஏறியவர்களிலே தனக்குப் பிடித்த ஆள் அதுதான் என்று, லொறியை நிறுத்தி நாயை இறக்கிய டிரைவர் அண்ணன், அப்புவின் காதில் விழும்படியாகவே என்னிடம் சொன்னார்.