சூம் சேர்

எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு சூம் சேர் உண்டு. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது முளைத்த இனம். அதற்கு முதல் இவர் கையாண்ட ஒரே கருவி வெண்கட்டி. மருமகன் வந்து போனில் சூமை இறக்கிக் கொடுத்த நாளிலிருந்து, அதைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று ஒரு நடை.

வகுப்பு பகல் பன்னிரண்டுக்கு. மேலே ரை, கீழே மருதமுனைச் சாரன். காசு கட்டாத சூம் 40 நிமிஷத்தில் கதவைச் சாத்திவிடும். முதல் பத்து நிமிஷம் “கேக்குதா? கேக்குதா?” என்பதற்கே போய்விடும். பிறகு இடாப்பு. பிள்ளைகள் வருவது உம்மாவின் போனில். திரையில் பிள்ளையின் பெயர் இராது, போனின் பெயர்தான் இருக்கும். சேர் அசரமாட்டார்.

“சாம்சங் ஏ10 இரிக்கா?”

மூன்று ஏ10கள் ஒன்றாக “ஓம் சேர்!”

“கட்டார் வாப்பா?”

“வாப்பா கட்டார்லதான் சேர். நான் இஞ்ச இரிக்கன்.”

இடாப்பு முடிய ளுஹருக்குப் பாங்கு. மரியாதைக்குப் பாடத்தை நிறுத்துவார். பிள்ளைகளின் மைக்கோ திறந்தபடி. மருதமுனைப் பாங்கு ஓயக் கல்முனைக்குடி, பிறகு சாய்ந்தமருது, நிந்தவூர். சிக்னல் ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் அட்டாளைச்சேனையும் வந்து சேரும். ஒரு தொழுகைக்கு ஐந்து தரம் தொப்பியைச் சரிசெய்தபடி சேர் காத்திருப்பார்.

மிச்ச நேரம் கூகுள் ஏர்த்தில் சீகிரியாச் சுற்றுலா. “பஸ் புடிக்கத் தேவல்ல மனே, இருந்த இடத்திலயே மல ஏறலாம்.” உருண்டை சுழலும், இலங்கை விரியும். சேரின் விரல் மட்டும் கிழக்கே வழுக்கிக் கல்முனையில் இறங்கும். “இந்தா, இதான் எங்கட ஊடு. அந்த நீலத் தொட்டியப் பாருங்க!” அவ்வளவுதான். “சேர், எங்கட ஊட்டுக்கும் போங்க!” என்று முப்பது குரல். “ட்ரிப்புக்கு புரியாணி இல்லயா சேர்?” என்று ஒன்று. காசியப்பனின் 5ஆம் நூற்றாண்டுக் கோட்டையை இவருடைய எந்த வகுப்பும் இதுவரை எட்டியதில்லை.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் குவிந்து கிடக்கின்றன. அதன் லிங்கைச் சுபஹு தொழுத கையோடு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். திறந்து பார்க்காதவர்களில் சேரும் சேர்த்தி.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாளிலும் வகுப்பு வைத்தார். உள்ளே வந்தது அவருடைய மற்றப் போன் மட்டுந்தான். அதற்கும் இடாப்புக் கூப்பிட்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று பிள்ளைக்கு ஒரு போன் இருந்த வீடுகளுக்காக, அதே பாடத்தை இஷாவுக்குப் பிறகு இன்னொரு தரம் நடத்தியவரும் இவர்தான். அதையும் “கேக்குதா?”விலிருந்தே தொடங்கினார்.

போன கிழமை கல்முனை பசாரில் ஒரு பையன் சேருக்குச் சலாம் சொன்னான். உற்றுப் பார்த்தார்.

“ஆரு மனே?”

“நான்தான் சேர், சாம்சங் ஏ10. ரெண்டாவது.”

“அட, நீயா! மைக்க ஓஃப் பண்ணிட்டியா?”