அடுப்பு ஏறாத சூரை

கினிலாவ் என்பது பச்சை மீனைத் துண்டு போட்டு, வினிகரில் நனைத்து, இஞ்சி, வெங்காயம், மிளகாய் கலந்து அப்படியே பரிமாறும் பிலிப்பைன்ஸ் பண்டம். நாட்டின் நடுவிலுள்ள விசாயா தீவுகளிலும் தெற்கே மிண்டனாவோவிலும் இதற்கு மவுசு அதிகம். பல மீன்களில் செய்யலாம் என்றாலும் சூரையில் செய்ததற்குத் தனி மரியாதை உண்டு. அடுப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், தாளிப்பு வேண்டாம். சமையல்காரருக்குச் செய்ய வேலை கொஞ்சம்தான். கெடுக்க வாய்ப்பு நிறைய.

சூரையை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைத்து, மாசிக் கருவாடு என்று உரலில் இடித்துத் தின்று பழகிய தமிழருக்கு இது கொஞ்சம் அதிர்ச்சி தரும். ஆனால் கினிலாவ் நேற்று முளைத்த ஓட்டல் நாகரிகம் இல்லை. மிண்டனாவோவின் பூத்துவான் நகரில் பழைய படகுகளைத் தோண்டி எடுத்த இடத்தில், கினிலாவுக்கு அரிந்தது போன்ற மீன் எலும்புகளும் அதில் சேர்க்கும் தபோன்-தபோன் காயின் ஓடுகளும் கிடைத்தன. அவற்றுக்கு 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை வயது சொல்கிறார்கள். 1613இல் பெத்ரோ தெ சான் புவெனவெந்தூரா என்ற ஸ்பானியப் பாதிரியார் தொகுத்த தகாலோக் அகராதியிலும் இதன் பெயர் இருக்கிறது. அகராதியில் ஏறி நானூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இன்னும் அடுப்பில் ஏறவில்லை.

முதல் வேலை மீன் வாங்குவது. உண்மையில் பாதிச் சமையல் இதுவே. மிண்டனாவோவின் தென்கோடியில் உள்ள ஜெனரல் சாந்தோஸ் நகரைப் பிலிப்பைன்ஸின் சூரைத் தலைநகரம் என்பார்கள். குத்துச்சண்டை வீரர் மேன்னி பாக்கியாவோ வளர்ந்த ஊரும் அதுதான். அங்கே துறைமுகத்தில் ஆள் உயரத்துக்கு இருக்கும் மஞ்சள் துடுப்புச் சூரைகளை (நம் கடற்கரையில் கேரை என்பது இதைத்தான்) தொழிலாளர்கள் தோளில் சுமந்து இறக்குவார்கள். தரம் பார்ப்பவர் ஒரு மெல்லிய குழல் கம்பியை மீனுக்குள் செருகி எடுப்பார். கம்பியில் ஒட்டி வரும் துளிச் சதையின் நிறத்தையும் கொழுப்பையும் பார்த்துவிட்டு அந்த மீனின் தலையெழுத்தைச் சொல்லிவிடுவார். முதல் தரம் வெளிநாட்டுக்கு விமானம் ஏறும். மற்றவை உள்ளூரில் தங்கும்.

கம்பி இல்லாத வீட்டுக்காரர் கண்ணையும் மூக்கையும் நம்ப வேண்டும். சதை விரலால் அழுத்தினால் திரும்பி எழ வேண்டும். கடல் வாசம் வரலாம், மீன் நாற்றம் வரக் கூடாது. நிறத்தை மட்டும் முழுதாக நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏற்றிய சூரை பழையதானாலும் தர்பூசணிச் சிவப்பிலேயே இருக்கும். ‘சஷிமி தரம்’ (பச்சையாகத் தின்னத் தக்கது) என்ற ஒட்டுச்சீட்டுக்கும் அமெரிக்காவில் சட்ட விளக்கம் எதுவும் கிடையாது. விற்பவரின் நல்ல மனசே அதன் விளக்கம். மீன்காரரிடம் “பச்சையாகச் சாப்பிடத்தான் கேட்கிறேன்” என்று சொல்லிவிடுவது நல்லது. நேர்மையானவர் வேறு மீனைக் காட்டுவார். மற்றவரின் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

இங்கே ஒரு வேதியியல் பாடம் தவிர்க்க முடியாதது. சூரை இனத்தின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் குளிர்ச்சி இல்லாமல் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பில் தடிப்பு எழும். விருந்தாளி நெகிழ்ந்துவிட்டார் என்று வீட்டுக்காரர் எண்ணிக்கொள்வதும் உண்டு. ஹிஸ்டமினுக்கு வினிகரும் ஒன்றுதான், கொதிக்கும் குழம்பும் ஒன்றுதான். இரண்டும் அதை அழிக்காது. ஒரு மாதிரியாகிவிட்ட சூரையைப் புளி கூடுதலாகப் போட்டுக் குழம்பு வைத்தால் சரியாகிவிடும் என்ற வீட்டுக் கணக்கு இதனால் செல்லாது. பிடித்த நேரத்திலிருந்து வாயில் போடும் வரை ஐஸில் இருப்பதுதான் ஒரே வழி.

இரண்டாவது கவலை புழு. மீனில் வரும் அனிசாக்கிஸ் என்ற புழு வினிகரில் சாவகாசமாக நீந்தும். வினிகரில் ஊறிய நெத்திலியைப் பிரியமாகத் தின்னும் ஸ்பெயின், பச்சையாக விற்கும் மீனை முதலில் உறைய வைக்க வேண்டும் என்று 2006இல் ஆணையே போட்டது. அமெரிக்க உணவு விதிகள் -20 டிகிரி செல்சியஸில் 7 நாள் கேட்கின்றன. மஞ்சள் துடுப்புச் சூரை உட்படச் சில பெருஞ்சூரைகளுக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. பிலிப்பைன்ஸில் கினிலாவுக்கு அதிகம் எடுக்கும் இன்னொரு மீன் தனிகே, அதாவது நம் வஞ்சிரம். அதற்கு விலக்கு இல்லை. வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசர் -20ஐத் தொடுவது அபூர்வம். கரண்ட் போய் வரும் ஊரில் அது ஐஸ்கிரீமுக்கே உத்தரவாதம் தராது.

மீனுக்கு அடுத்த பொருள் வினிகர். ஒவ்வொரு வட்டாரமும் தன்னுடையதுதான் வினிகர் என்று சாதிக்கும். இலோகோஸில் கரும்பு, புலாகானின் பவோம்போங்கில் நிப்பா பனை, விசாயாவில் தென்னை. கினிலாவுக்குத் தென்னங்கள் வினிகரே பொருத்தம். காலையில் இறக்கிய கள் இனிக்கும், மாலையில் பொங்கும், சில வாரம் ஜாடியில் கிடந்தால் புளித்து வினிகராகிவிடும். 1521இல் கடலோடி மகெல்லனோடு வந்த பயணக் குறிப்பாளர் பிகாஃபெட்டா, இந்த மக்கள் தென்னையிலிருந்து மதுவும் எண்ணெயும் வினிகரும் எடுப்பதை வியந்து எழுதிவைத்தார். பிலிப்பைன்ஸ் சமையலில் ஒரு பெரும் பகுதி, அந்த வகையில், குடிக்காமல் மிச்சம் வைத்த புண்ணியவான்களுக்குக் கடன்பட்டது. இலங்கையில் தென்னங்கள் வினிகர் எளிதாகக் கிடைக்கும். கள் இறக்கத் தடையுள்ள தமிழ்நாட்டில் மளிகைக் கடை பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது ‘செயற்கை வினிகர்’, அதாவது தண்ணீர் கலந்த அசிட்டிக் அமிலம். அது வாஷ்பேசின் தேய்க்க நல்லது. கினிலாவுக்கு மூக்கைத் துளைக்காத கரும்பு வினிகரையோ அரிசி வினிகரையோ தேடிப் பிடிப்பது மேல்.

இனி வெட்டுவது. அரைக் கிலோ சூரை நான்கு பேருக்குப் போதும். தோலையும் நடுவில் ஓடும் கருஞ்சதையையும் எடுத்துவிட வேண்டும். ரத்த வாடை அதில்தான் இருக்கிறது, வீட்டுப் பூனைக்கும் அதன்மேல் உரிமை இருக்கிறது. மிச்சச் சதையை முக்கால் அங்குலக் கட்டிகளாக அரிந்து கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தில் போடலாம். அலுமினியப் பாத்திரம் அமிலத்தோடு சேர்ந்து தன் ருசியையும் கொடுக்கும், அதனால் கூடாது. நன்றாகக் குளிர்ந்திருந்தால் மீன் ஒழுங்காக வெட்டுப்படும். வெதுவெதுப்பாக இருந்தால் நசுங்கும்.

அடுத்து மீன் இரண்டு முறை வினிகர் காணும். அரை கப் வினிகரை ஊற்றி, மென்மையாகப் புரட்டி, ஒரு நிமிடத்துக்குள் வடித்துக் கொட்டிவிடுவது முதல் முறை. இது கழுவல்; கலங்கிய நீரோடு வாடையும் போய்விடும். வினிகர் விலை நினைவுக்கு வந்து இந்தப் படியைத் தாண்டிப் போகும் சிக்கனக்காரர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் வீட்டுக் கினிலாவை வாசலிலேயே அடையாளம் காணலாம். பிறகு புது வினிகர் அரை கப், பொடியாக அரிந்த இஞ்சி இரண்டு தேக்கரண்டி, சின்ன வெங்காயம் பத்து, உப்பு, காலமான்சி என்னும் குட்டி எலுமிச்சைகளின் சாறு. காலமான்சி கிடைக்காத ஊரில் நம் எலுமிச்சை பாதி போதும். காரத்துக்கு அவர்கள் போடுவது சிலிங் லபுயோ. அளவிலும் குணத்திலும் நம் காந்தாரி மிளகாயின் உறவுக்காரன். நான்கு போட்டால் மரியாதை, எட்டு போட்டால் பகை.

வட மிண்டனாவோவில், குறிப்பாகக் காகாயான் தெ ஓரோ பக்கம், தபோன்-தபோன் காயைத் துருவி, வினிகரில் பிழிந்து, பால்போல வரும் சாற்றைச் சேர்ப்பார்கள். அது மீன் வாடையை அடக்கும், புளிப்பின் கூர்மையையும் தணிக்கும். அந்தக் காய் இல்லாத இடங்களில் பலர் கெட்டியான முதல் தேங்காய்ப்பாலைக் கடைசி நேரத்தில் ஊற்றுகிறார்கள். சுட்ட பன்றி இறைச்சியைத் துண்டாக்கி இதோடு கலந்தால் அதன் பெயர் சினுக்லாவ். மீனா இறைச்சியா என்று முடிவெடுக்க முடியாதவர்களுக்காக மிண்டனாவோ கண்ட தீர்வு.

கிண்ணத்துக்குள் நடப்பது சூடில்லாத வேலை. அமிலம் மீனின் புரதச் சுருள்களை அவிழ்க்கிறது. கண்ணாடி போலிருந்த செஞ்சதை ஓரத்திலிருந்து வெளுத்து இறுகுகிறது. வெந்தது போலத் தெரியும், ஆனால் வேகவில்லை. கிருமிகளும் அப்படியேதான் இருக்கும். வெளி வெளுத்து உள் சிவந்திருக்கும் கணம் சில நிமிடங்களில் வந்துவிடும். சாப்பிட வேண்டிய நேரம் அதுதான். நன்றாக ஊறட்டும் என்று ஊறுகாய்ப் பொறுமையோடு காத்திருப்பவருக்குச் சுண்ணாம்பு நிறத்தில் ரப்பர் கிடைக்கும். பெருவின் செவிச்சேயில் புளிப்பு எலுமிச்சையிலிருந்து வரும், இதில் பெரும்பாலும் வினிகரிலிருந்து. அவசரம் இரண்டுக்கும் பொது.

கினிலாவைச் சோற்றோடும் சாப்பிடலாம், ஆனால் அதன் இயல்பான இருப்பிடம் மது மேசை. பிலிப்பைன்ஸ் நண்பர் கூட்டத்தில் ஒருவர் ஊற்றுவார். ஒரே கிளாஸ் வட்டமாகச் சுற்றி வரும். நடுவில் கிண்ணம் இருக்கும். அங்கே கேட்கும் பாராட்டைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே ஏற்க வேண்டும். ரம் வயிற்றுக்குள் போய்க் கிருமியைக் கொன்றுவிடும் என்ற மேசை மருத்துவத்தை முழுதாகத் தள்ளுபடி செய்யலாம். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது.

கினிலாவ் சேமிக்கும் பண்டமில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்த பிறகே மீனை வெட்ட வேண்டும். மிஞ்சியதை உடனே ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், மறுநாள் வாணலியில் பூண்டோடு வதக்கிச் சோற்றில் போட்டுக்கொள்ளலாம். அப்போது அது கினிலாவ் இல்லை, புளிப்பு தூக்கலான மீன் வறுவல், சுமாராகத்தான் இருக்கும்.